பின்பாட்டு

கூத்து பார்க்கப் போகிறவர்களின் கண் வேஷத்தை விட்டு நகராது. கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம், அவற்றில் ஒட்டியிருக்கும் கண்ணாடித் துண்டுகளில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம், கிறுகிறுவென்று சுற்றும்போது விரிகிற பாவாடை. அப்படித்தான் பார்க்க வேண்டும். அதற்காகத்தானே அத்தனை பாரத்தையும் உடம்பில் கட்டிக்கொண்டு ஒரு மனிதர் விடிய விடிய ஆடுகிறார். ஆனாலும் கூத்து பார்க்க என்னோடு வருகிறவர்களிடம் ஒன்று சொல்வேன்: கொஞ்ச நேரமாவது ஆடுகிறவருக்குப் பின்னால் போட்டிருக்கும் பெஞ்சைப் பாருங்கள்.

அந்தப் பெஞ்சில் ஆர்மோனியம் வாசிக்கிறவர் இருப்பார். பக்கத்தில் மிருதங்கம், டோலக்கு, முகவீணை, கைத்தாளம். இவர்களோடு பின்பாட்டுக்காரர்களும் நிற்பார்கள். முன்னால் நிற்கும் துரியோதனன் ஒரு அடியைப் பாடி முடிக்கும் முன்பே, அவன் மூச்சு தீரும் இடத்தில், இவர்கள் அந்த அடியை வாங்கிக்கொள்வார்கள். அவன் ஆடுவான், இவர்கள் அதே அடியைத் திருப்பிப் பாடுவார்கள். அவன் மூச்சு வாங்கி அடுத்த அடிக்கு வருவான். மறுபடியும் இவர்கள் வாங்கிக்கொள்வார்கள். இரவு பத்து மணிக்குத் தொடங்கி வெயில் முகத்தில் அடிக்கும்வரை இந்த வாங்கலும் கொடுக்கலும் ஓயாது. உச்ச சுருதியில், தனியாக, எட்டு மணி நேரம் ஒருவர் பாடவும் முடியாது, ஆடவும் முடியாது. உடம்பு இடம் கொடுக்காது. கூத்து அந்தக் கணக்கை அறிந்து கட்டப்பட்ட கலை.

காஞ்சிபுரம், செய்யாறு, வந்தவாசி, ஆரணி, திருவண்ணாமலை, செஞ்சி வட்டாரத்துக் கிராமங்களில் இன்றும் நடக்கிற ஆட்டத்தைப் பற்றித்தான் பேசுகிறேன். தெருக்கூத்து என்று சிலரும், கட்டைக்கூத்து என்று சிலரும் சொல்கிறார்கள். ஊர்க்காரர்கள் பெரும்பாலும் ‘நாடகம்’ என்றே சொல்வார்கள். ஆடுகிற குழுவுக்கு ஜமா என்று பெயர். பதினைந்து பேர் இருந்தால் நல்ல ஜமா. அதற்கு ஒரு வாத்தியார் உண்டு. ஆட்டம் கற்றுக்கொடுப்பது, யாருக்கு எந்த வேஷம் என்று முடிவு செய்வது, ஊர்க்காரர்களிடம் பேசித் தாம்பூலம் வாங்குவது, விடிந்ததும் பணத்தைப் பங்கு பிரிப்பது எல்லாம் அவர் பொறுப்பு.

மற்ற பதினான்கு பேரும் பகலில் யார் என்று கேட்டால் விவசாயி, கூலிக்குப் போகிறவர், நெசவாளி, தச்சர், செங்கல் சூளையில் வேலை பார்ப்பவர், ஆட்டோ ஓட்டுபவர் என்று பதில் வரும். முழுநேரமும் கூத்தே பிழைப்பாக இருப்பவர்களும் உண்டு. அவர்களும் மழைக்காலத்தில் வேறு கைவேலை தேடியே ஆக வேண்டும். பங்குனி பிறந்தால் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் தொடங்கும். மத்தியானத்தில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து என்று பத்து நாள், பதினெட்டு நாள் நடக்கும். வில்வளைப்பு, துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று கதை வரிசையாக நகர்ந்து, கடைசி நாள் காலையில் களிமண்ணால் ஆன பெரிய துரியோதனன் உருவத்தின் மேல் படுகளத்தில் முடியும். அன்று மாலை தீமிதி. ஆடிவரை இந்தப் பருவம் நீளும். பருவ நாட்களில் ஜமாக்காரர்களின் தூக்கம் எங்கே, எப்போது நடக்கிறது என்பதே புதிர்தான். விடிகாலையில் ஒரு ஊரில் அரிதாரத்தைத் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்தவர், மத்தியானத்துக்குள் வேறொரு ஊர்த் திண்ணையில் துண்டை விரித்துப் படுத்திருப்பார். பெட்டியைத் தலையிலும் மாட்டு வண்டியிலும் கொண்டு போன காலம் மாறி, இப்போது டாடா ஏஸில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். தூக்கம் மட்டும் அன்றைக்கு இருந்த அளவே.

நான் சொல்ல வந்த விஷயம் இந்தப் பெட்டிக்கும் பெஞ்சுக்கும் நடுவில் இருக்கிறது.

ஒரு இரவில் ஒரே ஆளைக் கவனித்துக்கொண்டே இருந்தால் தெரியும். பத்து மணிக்கு மேளம் கட்டும்போது அவர் கைத்தாளம் போட்டுக்கொண்டிருப்பார். கொட்டகைக்குள் போய் ஒரு மணி நேரம் கழித்துக் கர்ணனின் மனைவி பொன்னுருவியாக வருவார். தேரோட்டி வீட்டில் வளர்ந்தவன் என்று கர்ணனை ஏசுவார். அவன் பிறப்பின் உண்மை தெரிந்ததும் காலில் விழுவார். போருக்குப் போகிறவனைத் தடுத்து அழுவார். பெண்கள் பகுதியில் முந்தானைகள் கண்ணுக்குப் போகும். அந்தக் காட்சி முடிந்து உள்ளே போனவர், இரண்டு மணிக்குச் சேலையை மாற்றிக் கைலியோடு வெளியே வந்து, அடுத்த வேஷத்துக்காகத் திரைச்சீலையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். திரைக்குப் பின்னால் இருப்பவன் விருத்தம் பாடித் தன் கீர்த்தியைச் சொல்லிக்கொள்வான். கிரீடத்தின் நுனியும் சலங்கைக் காலும் மட்டும் வெளியே தெரியும். அத்தனை பேரின் கண்ணும் அந்தத் துணியின் மேல் இருக்கும். அதைப் பிடித்திருக்கும் கையை யாரும் பார்க்க மாட்டார்கள். கொஞ்ச நேரம் முன்பு ஊரையே அழவைத்த பொன்னுருவியின் கை அது. அப்புறம் அவர் பெஞ்சுக்குப் போய், விடியும்வரை பின்பாட்டுப் பாடுவார்.

வேறு எந்தத் தொழிலிலும் இதை நான் இவ்வளவு கண்கூடாகக் கண்டதில்லை. அலுவலகத்தில் மேலே போனவர் கீழே இறங்கி வருவதில்லை. சினிமாவில் கதாநாயகன் அடுத்தவருக்கு விளக்குப் பிடிப்பதில்லை. ஜமாவில் முன்னால் நிற்பது கொஞ்ச நேரத்துக்குக் கிடைக்கிற இடம். பின்னால் நிற்பதும் அப்படியே. பின்பாட்டுப் பாடத் தெரியாதவனுக்கு எந்த வாத்தியாரும் ராஜவேஷம் கொடுப்பதில்லை. கொடுத்தாலும் அவனால் ஆட முடியாது. அடியை எங்கே விட்டால் பின்னால் இருப்பவர் வாங்குவார் என்பது, பின்னால் இருந்து வாங்கிப் பழகியவனுக்குத்தான் தெரியும்.

புதிதாகச் சேரும் பையனை அதனால்தான் முதலில் பெஞ்சுக்குப் பக்கத்தில் நிறுத்துகிறார்கள். “வாத்தியாரே, எனக்கு எப்போ வேஷம்?” என்று அவன் கேட்பான். “பாடுடா முதல்ல, தொண்டை திறக்கட்டும்” என்பார் அவர். மாதக்கணக்கில் இது நடக்கும். அந்த மாதங்களில் பையனுக்குள் சத்தமில்லாமல் ஒரு பெரிய காரியம் நடந்துகொண்டிருக்கிறது: நாடகம் முழுவதும் அவனுக்குள் இறங்குகிறது. தன் வேஷத்துக்கு உரிய பாட்டு மட்டும் இல்லை, எல்லோருடைய பாட்டும். கூத்து நூல்கள் அச்சிலும் வந்திருக்கின்றன. சென்னையில் பி. இரத்தின நாயகர் அண்டு சன்ஸ் போன்ற பதிப்பகத்தார் மலிவு விலையில் போட்ட நாடகப் புத்தகங்கள் கிராமத்துப் பெட்டிகளில் மடங்கிக் கிடக்கும். கையால் எழுதிய நோட்டுகளும் உண்டு. ஆனால் ராத்திரி மூன்று மணிக்கு நோட்டைப் பார்த்து யார் பாடுவது? ஓரத்தில் நின்று வசனம் எடுத்துக்கொடுக்கும் வழக்கமும் கூத்தில் கிடையாது. ஆடுகிறவனுக்கு ஒரு இடத்தில் அடி தட்டினால் பெஞ்சிலிருந்து யாரோ ஒருவர் அடுத்த தருவின் முதல் சொல்லைப் பாட்டாகவே எடுத்துவிடுவார். அவன் பிடித்துக்கொள்வான். பார்க்கிறவர்களுக்கு அது பின்பாட்டாகவே கேட்கும். எங்கே தட்டியது, யார் தாங்கியது என்று ஜமாவுக்கு வெளியே ஒருவருக்கும் தெரியாது. விடிந்த பிறகு டீக்கடையில் அதைப் பற்றி ஒரு பேச்சு எழலாம், எழாமலும் போகலாம்.

ஒரு நாடகம் ஒருவர் மண்டைக்குள் இருப்பதில்லை, பதினைந்து பேருக்கு நடுவில் இருக்கிறது. ஒருவர் விட்டுப்போனாலும் மிச்சமிருப்பவர்களால் அதைத் திரும்பக் கட்ட முடிகிறது. மழையும் பஞ்சமும், ஊருக்கு ஊர் வந்த சினிமாக் கொட்டகையும், பிறகு தொலைக்காட்சியும் கடந்து இந்தக் கலை பிழைத்துக் கிடந்ததற்குக் காரணமாக நான் நம்புவது இதைத்தான். பக்தியும் ஒரு காரணம், ஒப்புக்கொள்கிறேன். அம்மனுக்குக் கூத்து விட்டால் மழை வரும் என்ற நம்பிக்கை இல்லாமல் ஊர் பணம் வசூலிக்காது. ஆனால் பக்தி கூத்துக்காரனை ஊருக்கு அழைத்து வரும், அவ்வளவுதான். அடுத்த அடியை எடுத்துக்கொடுப்பது பக்கத்தில் இருக்கிற மனிதன்.

முகவீணைக்காரரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவர் இந்தச் சுழற்சியில் வராதவர். நாகஸ்வரத்தைப் போலச் சீவாளி வைத்து ஊதும் சின்னக் கருவி அது. ஒலியோ நெஞ்சைக் கீறும். ஒலிபெருக்கி வராத காலத்தில் பக்கத்து ஊர்க் களத்துமேட்டில் படுத்திருப்பவனை எழுப்பிக் கூத்துக்கு வரவைத்தது அந்த ஒலிதான். ஆர்மோனியம் பின்னால் வந்து சேர்ந்தது. பாடுகிறவரின் குரலோடு ஒட்டி ஒட்டிப் போவது, அழுகைக் காட்சியில் குரலுக்கு அப்பால் மிஞ்சியிருக்கும் துக்கத்தைத் தான் எடுத்துக்கொள்வது, சண்டைக் காட்சியில் அடவுக்கு முன்னே ஓடுவது எல்லாம் முகவீணையின் வேலை. இதை ஊதக் கற்றுக்கொள்வது கடினம். கற்றவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். பல ஜமாக்களில் அந்த இடம் காலியாகவே இருக்கிறது. ஆர்மோனியமும் கீபோர்டும் சமாளிக்கின்றன. வேஷக்காரர்கள் பேருக்கு விசிறிகள் உண்டு. இன்னார் துரியோதனன் என்றால் பத்து மைல் நடந்து வந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். முகவீணைக்காரர் பேரைச் சொல்லி யாரும் வந்ததில்லை. ஆனால் அவர் வராத இரவில், என்ன குறைகிறது என்று சொல்லத் தெரியாமலே, கூட்டம் சீக்கிரம் கலைகிறது. இதை நான் பார்த்திருக்கிறேன்.

கூத்தில் கோமாளியாக வரும் கட்டியங்காரன் இதற்கு நேர் எதிர். அவன் எப்போதும் முன்னால் நிற்கிறவன். ஆனால் தனக்கென்று எதுவும் இல்லாதவன். ராஜா வந்தால் வாயிற்காவலன், ராணி வந்தால் தோழி, முனிவர் வந்தால் சீடன். ஐந்தாயிரம் வருஷத்துக் கதைக்கும் நேற்று ஊரில் நடந்த கதைக்கும் நடுவில் அவன்தான் பாலம். துரியோதனன் மகாராஜா திரை விலக்கி வந்ததும், “சாமி, நீங்க யாரு, எந்த ஊரு?” என்று கேட்கும் தைரியம் அவனுக்கு மட்டுமே உண்டு. ரேஷன் கடை எடைக்கல்லையும், தேர்தலுக்கு முன் வந்து போனவர் முகத்தையும் அஸ்தினாபுரத்துக்குள் கொண்டு வந்துவிடுவான். உள்ளே ஒருவருக்குக் கிரீடம் கட்டி முடியவில்லை என்றால், கால் மணி நேரமோ அரை மணி நேரமோ தன் வாயாலேயே கூட்டத்தைப் பிடித்து வைத்திருப்பான். ஒரு ஜமாவுக்கு நல்ல ராஜவேஷம் இல்லாவிட்டால் ஒப்பேற்றலாம். நல்ல கட்டியங்காரன் இல்லாவிட்டால் அந்த ஜமாவை அழைக்கவே ஊர்கள் யோசிக்கும்.

ஊரையும் இந்தப் பின்வரிசையில் சேர்த்தே ஆக வேண்டும். தலைக்கட்டு வரி போட்டு வசூலித்து, தாம்பூலம் வைத்து ஜமாவை அழைத்து, வந்தவர்களுக்குச் சோறு போட்டு, வேஷம் கட்டக் கொட்டகை போட்டுக் கொடுப்பது ஊர். துகிலுரிதல் அன்று துச்சாதனன் வேஷக்காரர் சேலையில் கை வைக்கும் முன் கற்பூரம் ஏற்றி, தாயே, பிழை பொறுக்க வேண்டும் என்று திரௌபதி அம்மனைக் கும்பிடுவார். அப்போது கூடியிருக்கும் சனம் மொத்தமும் எழுந்து கைகூப்பும். அந்த நேரத்தில் அங்கே ஆடுகிறவர், பார்க்கிறவர் என்று இரண்டு கட்சி கிடையாது. அர்ச்சுனன் தபசுக் கம்பத்தின் உச்சியிலிருந்து எறிகிற எலுமிச்சம்பழத்துக்காக, பிள்ளை வரம் கேட்டு மடியேந்தி இருக்கும் பெண்களும் அந்த நாடகத்தின் பாத்திரங்களே. நடுவில் யாராவது பணம் கொடுத்தால் போர்க்களத்தையே நிறுத்திவிட்டு, இன்னார் மகன் இன்னார் அன்பளிப்பு என்று அறிவிப்பார்கள். நகரத்திலிருந்து வருகிறவர்களுக்கு இது ரசக்குறைவாகப் படும். எனக்கு அப்படிப் படுவதில்லை. அபிமன்யு சாவதற்கு முன் ஊரில் ஒருவர் பேர் சொல்லி வாழ்த்தப்படுகிறார். அபிமன்யு கொஞ்ச நேரம் காத்திருந்தால் குறைந்துவிட மாட்டான்.

பின்னால் நின்று தாங்கும் இந்த நுட்பத்தை நகரத்துக்காரர்களில் ஆழமாகக் கண்டுகொண்டவர் ந. முத்துசாமி. 1936இல் அன்றைய தஞ்சை மாவட்டத்துப் புஞ்சை கிராமத்தில் பிறந்து, சிறுகதையும் நவீன நாடகமும் எழுதிக்கொண்டிருந்தவர். எழுபதுகளில் புரிசை நடேசத் தம்பிரானின் கூத்தைப் பார்த்த பிறகு அவருடைய பாதையே மாறியது. செய்யாற்றை அடுத்த புரிசையில் தலைமுறைகளாகத் தொடரும் தம்பிரான்களின் ஆட்டத்தைப் பற்றி அவர் தொடர்ந்து எழுதினார். ‘அன்று பூட்டிய வண்டி’ என்ற தொகுப்பு அந்தக் கட்டுரைகளிலிருந்து வந்தது. 1977இல் சென்னையில் கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். கண்ணப்பத் தம்பிரான் அங்கே நவீன நடிகர்களுக்குக் கூத்து கற்றுக்கொடுத்தார். 2018இல் முத்துசாமி மறையும்வரை அந்தப் பட்டறை பெரிய வருமானத்தையோ பெரிய கூட்டத்தையோ நம்பி நடக்கவில்லை. சேர்ந்து கூட்டிப் பெருக்கி, சேர்ந்து உடற்பயிற்சி செய்து, அடுத்தவர் ஒத்திகையை உட்கார்ந்து பார்ப்பதும் அங்கே பயிற்சியாக இருந்தது. பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் என்று அங்கிருந்து வந்தவர்களை இன்று திரையில் பார்த்தவுடன் அடையாளம் தெரிகிறது. விஜய் சேதுபதி அங்கே கணக்குப் பார்க்கச் சேர்ந்தவர். மற்றவர்கள் நடிப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்துப் பார்த்தே நடிப்பைப் படித்ததாக அவரே சொல்லியிருக்கிறார். புரிசையிலோ இன்னொரு கூத்து ஊரான பெருங்கட்டூரிலோ இதைச் சொன்னால் ஒருவரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். அங்கே எல்லோரும் படித்தது அப்படித்தான்.

இதுவரை சொன்னதை மட்டும் சொல்லி நிறுத்தினால் நான் பாதி உண்மையைத்தான் சொன்னவன் ஆவேன். ஜமாவின் சுழற்சியில் எல்லோருக்கும் முன்னால் நிற்கும் நேரம் வருகிறது என்றேன். ‘எல்லோருக்கும்’ என்ற அந்தக் கணக்கில் காலங்காலமாகச் சேராதவர்கள் இருக்கிறார்கள்.

கூத்துக்காரர் வீட்டுப் பெண்களைத்தான் சொல்கிறேன். பருவத்தில் மாதக்கணக்கில் ஆண் வீட்டில் தங்குவதில்லை. வந்தாலும் தூங்குகிறார். நாற்று, களை, மாடு, பிள்ளைகள் பள்ளிக்கூடம், மாமியாரின் மருந்து எல்லாம் அவர் மனைவி தலையில். தாம்பூலத்தோடு வாங்கிய முன்பணம் செலவாகி, பருவம் முடிந்து, ஐப்பசி அடைமழையில் கடன்காரர் வாசலில் நிற்கும்போது பதில் சொல்கிறவரும் அவரே. பாவாடைகளைத் துவைத்துக் காயவைத்து, கிழிந்த ரவிக்கையைத் தைத்து, கழன்ற கண்ணாடித் துண்டைப் பசை வைத்து ஒட்டிப் பெட்டியில் அடுக்கும் கைகள் பல வீடுகளில் அவருடையவை. கூத்தில் பொன்னுருவி கணவனைப் போருக்குப் போகவிடாமல் தடுத்துப் பாடும் பாட்டு நீளமானது. விதவிதமான ராகத்தில் வரும். வீட்டில் நிற்கும் பொன்னுருவிக்குப் பாட்டு கிடையாது. திரௌபதியின் அழுகையை ஆண்கள் அழுதார்கள். அதைப் பார்த்து அழும் உரிமை மட்டுமே பெண்களுக்கு இருந்தது.

ஒருவர் இன்னொருவருக்குப் பின்னால் நிற்பது எப்போது அழகு, எப்போது அநியாயம் என்று நான் நீண்ட காலம் யோசித்திருக்கிறேன். தியாகம் என்று நாம் பெரிய சொல்லைப் போட்டு மூடிவிடுகிற பல இடங்களில், ஒருவரே எப்போதும் பின்னால் நிற்பதும் இன்னொருவரே எப்போதும் முன்னால் நிற்பதும்தான் நடக்கிறது. பெஞ்சிலிருக்கும் பின்பாட்டுக்காரர் செய்வதும் கூத்துக்காரர் மனைவி செய்வதும் பார்வைக்கு ஒன்றுதான். இரண்டு பேரும் அடுத்தவர் மூச்சு தீரும் இடத்தில் தாங்குகிறார்கள். ஆனால் முன்னவருக்கு இரவு இரண்டு மணிக்குத் திரை விலகும். அவர் பாடுவார், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். பின்னவர் பாடியதை வாங்கிப் பாட ஒருவரும் இல்லை. திருப்பிக் கிடைக்கும் என்ற உறுதி இருக்கும்போது தாங்குவது கூட்டாளியின் வேலை. அந்த உறுதி இல்லாதபோது, அதே தாங்கல் ஒருவருடைய ஆயுளையே மற்றவர்கள் எடுத்துக்கொள்வதாக ஆகிவிடுகிறது. ஒரு ஜமாவை, ஒரு குடும்பத்தை, ஒரு ஊரை எடைபோட நான் இப்போது வைத்திருக்கும் கேள்வி இது ஒன்றுதான்: இங்கே யாருடைய பாட்டுக்குப் பின்பாட்டு இல்லை?

கூத்துக்குள்ளேயே இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் உண்டு. பெருங்கட்டூரைச் சேர்ந்த கூத்துக் கலைஞர் பி. ராஜகோபால், பத்து வயதில் பள்ளியை விட்டு ஆட வந்தவர். அவரும், கூத்தை ஆராய நெதர்லாந்திலிருந்து வந்து அவரை மணந்த ஹன்னே டி ப்ரூயினும், மற்றக் கலைஞர்களும் சேர்ந்து 1990இல் கட்டைக்கூத்துச் சங்கத்தைத் தொடங்கினார்கள். 2002இல் காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் அவர்கள் நடத்தத் தொடங்கிய குருகுலத்தில் பிள்ளைகள் பள்ளிப் படிப்பும் படித்தார்கள், கூத்தும் படித்தார்கள். அங்கே பெண் பிள்ளைகளையும் சேர்த்தார்கள். சொல்வதற்கு ஒரு வரிதான். செய்வதற்கு எத்தனை வீட்டு வாசலில் போய் எத்தனை பேரிடம் பேசியிருக்க வேண்டும்! வயசுக்கு வந்த பெண் ராத்திரி முழுக்க வெளியூரில் ஆடுவதா, நாளைக்கு யார் கட்டிக்கொள்வார்கள் என்ற கேள்வி ஒவ்வொரு வாசலிலும் நின்றிருக்கும். கூத்தாடி என்ற சொல்லையே வசவாகப் பயன்படுத்திய சமூகத்தில், ஆணுக்கே அது பாரம்.

அந்தப் பெண்கள் ஆடினார்கள். திரௌபதியாக மட்டும் இல்லை. துரியோதனனாக, துச்சாதனனாக, கட்டியங்காரனாக. புஜக்கட்டையும் கிரீடமும் கட்டிக்கொண்டு, முகத்தில் சிவப்பு அரிதாரம் பூசி, திரைக்குப் பின்னால் நின்று தன் கீர்த்தியைத் தானே பாடுகிற ஒரு பதினாறு வயதுப் பெண்ணின் குரல் முதலில் காதுக்குப் புதிதாக இருக்கும். பத்து நிமிஷத்தில் பழகிவிடும். அதன் பிறகு அங்கே இருப்பது துரியோதனன் மட்டுமே. ராஜகோபாலைப் போன்ற பெரியவர்கள் பின்னால் இருந்து பாடினார்கள். வேஷத்தில் பேரெடுத்த ஆண்கள், அந்தப் பிள்ளைகளின் மூச்சு தீரும் இடத்தை அறிந்து அடியை வாங்கினார்கள். இந்தக் கலையின் நீண்ட வரலாற்றில் கணக்கு ஒரு பக்கமாவது நேரான இரவுகள் அவை என்று நினைக்கிறேன். 2020இல் குருகுலம் மூடப்பட்டது. அங்கே படித்த பெண்களில் சிலர் இன்றும் ஆடுகிறார்கள். பெண்களே நடத்தும் குழுவும் உண்டு. கல்யாணமாகி, பிள்ளை பெற்று, அதற்குப் பிறகும் வேஷம் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி ஆடும் இரவில் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு கொட்டகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கணவனும் ஜமாவைச் சேர்ந்தவன் என்றுதான் நான் கொள்வேன்.

கர்ண மோட்சத்தை இந்த வட்டாரத்தில் கோயில் திருவிழாவில் மட்டும் ஆடுவதில்லை; சாவு வீட்டிலும், பதினாறாம் நாள் காரியத்திலும் ஆடுகிறார்கள். செத்தவர் கர்ணனைப் போல மேலுலகம் போக வேண்டும் என்பது நம்பிக்கை. விடியும்வரை உயிரோடு இருப்பவர்கள் தூங்காமல் துணைக்கு இருக்க வேண்டும் என்பதும் அதற்குள் இருக்கலாம். இப்போதெல்லாம் அந்த இரவுகளில் ஊர் ஆண்களில் பாதிப்பேர் இருப்பதில்லை. சென்னைக்கும் பெங்களூருக்கும் ஒரகடத்துத் தொழிற்சாலைகளுக்கும் போய்விடுகிறார்கள். முன்வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். தலைக்கட்டு வரிக்கான பணத்தை நூறுநாள் வேலைக் கூலியிலிருந்து எடுத்துக் கொடுக்கிறவர்களும் அவர்கள்தான்.

எனவே வருகிற தை மாதத்தில் கோயில் வாசலில் கூடி, இந்த வருஷம் எந்த ஜமாவுக்குத் தாம்பூலம் வைக்கலாம் என்று பேசப்போகும் ஊர்ப் பெரியவர்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். பதினெட்டு நாளில் ஒரு நாளைப் பெண்கள் ஆடும் குழுவுக்குக் கொடுங்கள். முகவீணை உண்டா என்று விசாரியுங்கள். உண்டென்றால் அவருக்கென்று தனியாக ஒரு வேட்டியும் கொஞ்சம் பணமும் சேர்த்து வையுங்கள். அன்பளிப்பு வாசிக்கும்போது பின்பாட்டுக்காரர்களின் பேரையும் ஒவ்வொன்றாக வாசிக்கச் சொல்லுங்கள். அபிமன்யு காத்திருப்பான்.